வெள்ளம் என்று எழுதியிருந்தேன்

மூன்று மாதத்துக்கு ஒருதரம் வருவார்
வாரியத்துக்காரர்.
எங்க வாளி, எங்க கயிறு, எங்க கிணறு.
குப்பியை மூன்றுமுறை அலசிக் கொட்டி
நான்காவதாய் நிறைத்து
தாளில் எழுதி ஒட்டுவார்: கி-7.

முன்பெல்லாம் வாளியில் மிஞ்சியதை
ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் போவார்.
போன சித்திரையில் குடிக்கவில்லை.
பைக்கில் சொருகியிருந்த குப்பியைத் திறந்தார்,
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அவரிடம் கேட்டேன். ஆபீசில் கேளுங்க.
ஆபீசில் கேட்டேன். எழுதிக் கேளுங்க.
பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி எழுதினேன்.
றப்பர் வெட்டுகிற கை,
எழுத்தும் பால் ஒழுகும் சாய்வில்தான் விழும்.

"ஐயா, அயனிவிளை றோஸ்லெட் எழுதுவது.
எங்க கிணற்று வெள்ளத்தை
ஆறு வருஷமாய்க் கொண்டுபோகிறீர்கள்.
வெள்ளத்தில் என்ன இருக்கிறது?"

கெடு முப்பது நாள்.
இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது,
நான் எழுதாத ஓர் ஆபீசிலிருந்து.
பேரிடர் மேலாண்மைப் பிரிவு:
"மேற்படி ஆண்டுகளில் அயனிவிளையில்
வெள்ளம் ஏதும் ஏற்பட்டதாகப்
பதிவுகள் இல்லை."

கட்டஞ்சாயா ஆறும்வரை சிரித்தேன்.
பிறகு பயம் வந்தது.
குடிக்கிறதுக்கும் முங்கிச் சாகிறதுக்கும்
எங்களுக்கு ஒரே சொல்தானே.

அடுத்த மனுவில் 'நீர்' என்று திருத்தினேன்.
அந்தச் சொல்லை
ஆள் முகம் பார்த்துச் சொல்லித்தான் பழக்கம்:
நீரு எப்ப வந்தீரு, நீரு சாப்பிட்டீரா.
'நீர் பற்றிய விவரம் தருக.'
வாசித்துப் பார்த்தால்
எதிரே இருக்கிறவரின் விவரத்தைக்
கேட்டதுபோல் இருந்தது.
இருக்கட்டும் என்று ஒட்டிவிட்டேன்.

பதில்: றப்பர்பால் கம்பெனியின் வணிக ரகசியம்.
தர இயலாது.

எனக்க கிணத்துக்குள்ள
எப்பம் வந்து ஒளிஞ்சுது அது?

மேல்முறையீட்டுக்கு நாகர்கோவில்.
வெட்டு முடித்து, பால் அளந்து ஊற்றி,
ஒட்டுப்பால் வாசம் போகாத கையோடு
ஒன்பது மணி பஸ்.
மேசைக்கு அந்தப்பக்கம் கொஞ்ச வயசுப் பெண்.
"நீங்க எந்த அமைப்பு?" என்றாள்.
வாளிக்காரி என்றேன்.
ஃபைலை முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள்.
ஒரு இடத்தில் விரல் நின்றது.
"இது உங்க வீடா?"
அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

பதினொரு பக்கம், பக்கம் இரண்டு ரூபாய்.
சில்லறையாய் எண்ணிக் கட்டினேன்.

விடியுமுன் தோட்டத்தில்
நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பிரித்தேன்.
பாதிக்குமேல் இங்கிலீஷ்.
ஆனாலும் அடுத்தடுத்து இரண்டு கட்டம்,
அதை வாசிக்க யாரும் துணைக்கு வேண்டாம்:
இருக்கலாம். இருந்தது.
கி-7. அம்மோனியா.
பால் உறையாதிருக்க விடுவோமே, அதுதான்.
இருக்கலாம், 0.5.
இருந்தது, 37.

கிணற்றுச் சுவரில்
வெட்டின வருஷத்துக்குக் கீழே
மிச்சமிருந்த ஜன்னல் பெயிண்டால் எழுதினேன்.
கி-5 வீட்டு மேபல் வந்து நின்று பார்த்தாள்.
பேசவில்லை.
சாயங்காலம் பையனை அனுப்பினாள்,
ஸ்டாம்பு எங்க கிட்டும் என்று கேட்க.

ஆடியில் வாரியத்துக்காரர் வந்தார்.
வாளியைக் கொடுத்தேன்.
குப்பியை அலசிக்கொண்டே சுவரைப் பார்த்தார்,
அலசுவது நின்றது.
"ஒரு புள்ளி விட்டுப்போச்சு அக்கா.
ஜெராக்ஸில் விழுந்திருக்காது."
பெயிண்ட் உண்டா என்று கேட்டார்.
குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு,
மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே
விரல்நுனியால் வைத்தார்.

நான் பயந்ததைவிடக் குறைவுதான்.
பக்கத்தில் 0.5 அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
குப்பியில் வெள்ளம்
தெளிவாய்த்தான் இருந்தது.